கோதுமை நுழையாத வீடு

தில்லையம்மாளின் துணிப்பெட்டியில், புடவை மடிப்புக்குள் பாதி ரொட்டி இருந்தது. அன்று காலையில் வாங்கிய ரொட்டி. பிய்த்த இடம் இன்னும் காயவில்லை.

மகளுக்குப் பாவாடை தைக்கப் பழம்புடவை தேடிய தனக்கொடி அதை வெளியே எடுத்தாள்.

"தில்லை! இங்க வாடி!"

கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வந்த நாத்தனார், அண்ணி கையிலிருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது... நான் தின்ன வாங்கினது அண்ணி."

"நீ தின்ன வாங்கினா ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

"லட்சுமி பார்த்தா கேட்பாளேன்னுதான்..."

புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? மகள் லட்சுமிக்கு ஏழு வயது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் ஊரைவிட்டுப் போகாத பிரெஞ்சு டாக்டர் ஒருவர்தான் 'சீலியாக்' என்று நோய்க்குப் பேர் சொன்னார். ரொட்டி, ரவை, மைதா என்று கோதுமையில் செய்த எதுவும் பிள்ளை வயிற்றுக்குள் துளிகூடப் போகக் கூடாது, அவளுக்கு அது விஷம் என்றார்.

அன்றிலிருந்து அதெல்லாம் வாசற்படி தாண்டி வந்ததில்லை. வயிறு வலிக்கிறது என்று மகள் முனகும்போதெல்லாம் தனக்கொடி மோரில் பெருங்காயம் உரைத்துக் கொடுத்து, தூங்கும் வரை காலைப் பிடித்துவிடுவாள். அப்படியும் பிள்ளை தேறவில்லை. "அடுத்த தடவையும் எடை ஏறலேன்னா என் கையில ஒண்ணுமில்லம்மா" என்று டாக்டர் போன வாரம் கைவிரித்துவிட்டார்.

இத்தனைக்கும் அதே நோயுள்ள சுலோசனாவின் மகள் கொழுகொழுவென்று ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பழக்கமான சுலோசனா பக்கத்துத் தெருக்காரி. ராத்திரிக்கு என்ன செய்வது என்பதுதான் இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சு. கேழ்வரகு அடைக்கு முருங்கைக்கீரை அவள் சொன்னது, கம்பு தோசைக்கு வெந்தயம் இவள் சொன்னது. அவ்வப்போது அங்கிருந்து ஒரு கிண்ணம் ரசமும் வரும்.

"என்னாடி ரசம் இது, பெருங்காய வாசனையே இல்லாம மொட்டையா இருக்குது?" என்று தனக்கொடி கேலி செய்வாள்.

"எங்க வீட்டுல அந்த வாசனையே யாருக்கும் ஆவாதுடி" என்று அவள் சிரிப்பாள்.

அவள் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தும் தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் சதை பிடிக்கவில்லை என்று தனக்கொடி அழாத நாளில்லை. இப்போதல்லவா விளங்கியது!

"எம் புள்ளைய கொஞ்சம் கொஞ்சமா கொல்றியேடி பாவி! புருசன் வெரட்டிவுட்டப்ப உனக்குச் சோறு போட்டது இந்தக் கைதானே? கூடவே இருந்து என் கழுத்த அறுத்துட்டியே!"

"சத்தியமா அவளுக்குக் குடுக்கல அண்ணி. சூடம் வேணா அணைக்கிறேன்."

பாயில் சுருண்டு கிடந்த லட்சுமி தலையைத் தூக்கினாள். "அத்தை எனக்குக் குடுக்கலம்மா."

"வாயப் பொத்து! நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கா."

தில்லையம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு, லட்சுமியின் தலையைத் தொடக் குனிந்தாள். தனக்கொடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தில்லைக்குத் திண்டிவனத்தில் ஒரு சித்தி இருக்கிறாள். அண்ணன் மில்லிலிருந்து வரும் வரைகூட நிற்காமல், அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

போகட்டும், பீடை விட்டது என்றுதான் தனக்கொடி நினைத்தாள். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. ஒரே தட்டில் தின்றவளாயிற்றே!

"அம்மா, வயிறு..." என்றாள் லட்சுமி.

"இருடி கண்ணு, இதோ வரேன். இனிமே உனக்கு எல்லாம் சரியாயிடும்."

அடுப்படியில் அவள் மோர் கலக்கிக்கொண்டிருந்தபோது சுலோசனா மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள். கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"தனக்கொடி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் ஓடியாறேன்..."

"உன் சேதி கெடக்கட்டும். என் வீட்டுக் கூத்த மொதல்ல கேளு!" என்று ஆரம்பித்தாள் தனக்கொடி. ரொட்டி கிடைத்தது, நாத்தனார் சூடம் அணைக்கிறேன் என்றது, பெட்டியோடு போனது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "கூடப் பொறந்தவளா நெனச்சேனே சுலோசனா! எப்படித்தான் அவளுக்கு மனசு வந்துச்சோ?"

"தில்லையா? சேச்சே, அவ அப்படிச் செய்யறவ இல்லடி. நான் சொல்ல வந்ததே..."

"நீயும் அவளுக்குப் பரிஞ்சு பேசாத!"

தனக்கொடி மகளை மடியில் சாய்த்து, மோரை அவள் உதட்டருகே கொண்டுபோனாள். "குடிடா தங்கம். உன்னைக் காப்பாத்தறது அம்மா ஒருத்திதான்."

மோரின் வாசனை மூக்கில் ஏறியதும் சுலோசனா பதறிப் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"உனக்கு என்னாடி பைத்தியமா?" என்று கத்தினாள் தனக்கொடி.

"பெருங்காயம் செஞ்சு கட்டி விக்கறவன் கடையில இப்பத்தாண்டி என் கண்ணால பார்த்துட்டு வரேன். அதுல பாதிக்குப் பாதி மைதா மாவு!"