இருவர் வாடகை

திண்டுக்கல்லில் சவரிமுத்துவுக்குக் கட்டுப்படியானது இருவர் வாடகைதான். மூன்றாவது ஆள் நுழைந்தால் கதவே எண்ணி வாடகையை ஏற்றிவிடும். கட்டாவிட்டால் பிறகு திறக்காது.

ஒரு மாலை மகள் பிலோமினா வீங்கிய கன்னத்தோடு வாசலில் வந்து நின்றாள். கணவன் அடித்திருந்தான்.

"உள்ள வாடி," என்றாள் அம்மா ரீத்தா.

"வேணாம்மா, கதவு எண்ணிரும். சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவளுக்குப் போக இடமில்லை என்பது சவரிமுத்துவுக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அவளை உள்ளே தள்ளிவிட்டார்.

"நீங்க எங்கப்பா போறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல காத்து நல்லா வரும்."

விடிந்ததும் ரீத்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க போய்க் குளிச்சுட்டுப் படுங்க. மத்தியானம் வரைக்கும் நான் இருக்கேன்."

அதன்பிறகு அந்த வீட்டில் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டதே இல்லை.