தாளம் தப்பாத குளம்

மழை பெய்தால் அந்தக் குளத்துத் தவளைகள் ஆளாளுக்குக் கத்தும். எது தனியாக ஓங்கிக் கத்துகிறதோ, அதைப் பாம்பு வந்து கவ்விக்கொண்டு போகும்.

மரத்தவளை அக்கா மட்டும் குட்டிகளுக்குத் தாளம் பழக்கினாள். இந்தக் கரைக் குட்டிகள் மூச்சு வாங்குமுன் அந்தக் கரைக் குட்டிகள் பாட்டை எடுக்க வேண்டும். எந்தக் குரலும் தனித்துக் கேட்கக்கூடாது.

"பூச்சி பிடிக்கக் கத்துக்கொடும்மா. பாட்டா சோறு போடும்?" என்றார் குளத்துத் தலைவர் குண்டுத் தவளை.

அடுத்த மழையில் பாம்பு வந்தது. பெரியவர்கள் பாசிக்குள் பதுங்கினார்கள். குட்டிகள் பாட்டை நிறுத்தவில்லை. பாம்பு இடப்பக்கம் பாய்ந்தால் பாட்டு வலப்பக்கம் கேட்டது. வலப்பக்கம் திரும்பினால் நடுவில் கேட்டது.

"அடேயப்பா, இவ்வளவு பெரிய தவளையா!" என்று பாம்பு மிரண்டு கரையேறியது.

தலைவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தாமரை இலையில் ஏறித் தன்னந்தனியாக முழங்கினார். பாம்பு சட்டென்று தலையைத் திருப்பியது.

"தலைவரே, வாயை மூடுங்க! உங்க முறை இன்னும் வரல" என்று அதட்டியது, வால்கூட முழுசாக மறையாத ஒரு குட்டி.

தலைவர் வாயை மூடினார். விரலால் இலையைத் தட்டித் தட்டிக் காத்திருந்தார். முறை வந்தது. எடுத்தார் பாருங்கள்! எந்தக் குரல் யாருடையது என்று பாம்புக்குக் கடைசிவரை தெரியவில்லை. கரையைத் தாண்டி ஓடியே போனது.