குரல் வருவதற்குள்
ராஜகிரிக் கோட்டை உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருக்கிறது. சமண வழக்கப்படி இருட்டினால் சாப்பிடமாட்டார் என்பதால் மாமனார் வாசுபூஜ்யன் வேகமாகச் சோற்றைப் பிசைகிறார். என் மனைவி ராஜமதி இறந்த பின் நான்கு மாதமாக நான் போடாத அவளுடைய ரேடியோவைத் தன் ஊரான வல்லத்துக்கு எடுத்துப்போக வந்திருக்கிறார். “பாடுதான்னு பாத்துடறேன் மாப்ள” என்று இடது கையால் திருகுகிறார். இலங்கை வானொலியில் ஓர் இந்திப் பாட்டு வயலின்களோடு தொடங்குகிறது. பாடுகிறவர் குரல் வருவதற்குள் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் பந்தயம். இவருக்குப் பிடித்தவர் அனில் பிஸ்வாஸ், விட்டால் நௌஷாத். அவளுக்குச் சங்கர் ஜெய்கிஷன். “உங்க ஆளு இன்னும் மாட்டு வண்டியிலயே வராரு நைனா” என்று சமையலறையிலிருந்தே சீண்டுவாள். எனக்கு எல்லோரையும் பிடிக்கும், சொன்னதில்லை. “நௌஷாத்” என்கிறார் மாமனார். இல்லை என்று எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் இருக்காது. ரேடியோவைப் பார்க்காமல் சமையலறைக் கதவைப் பார்த்தபடி காத்திருக்கிறார். வயலின்கள் தணிகின்றன. “சங்கர் ஜெய்கிஷன், நைனா” என்கிறேன். பாட்டு முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு இடது கையால் ரேடியோவை அணைக்கிறார். “இது இங்கயே இருக்கட்டும். புதங்கெழம வரேன், யாரு முந்தறதுன்னு பாத்துக்கலாம்.”