சலவைக்கடைக்கு எட்டு நாள் விடுமுறை

ஜப்பானின் மத்சுயாமா நகரத்துச் சலவைக்கடையில், பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் துணிகளின் ஊடே ஏப்ரல் வெயில் நுழைந்து தரையில் தண்ணீர்போல் நெளிகிறது. கினுவே மேசைமேல் வெள்ளைத் தாளை விரித்து, தூரிகையை மையில் தோய்த்து, பெரிதாக எழுதுகிறாள்: 'தங்க வார விடுமுறையில் எட்டு நாள் கடை இல்லை. தைவான் போகிறோம்.' மே மாதத் தொடக்கத்தில் நாடே விடுமுறை விடும் அந்த வாரத்தில், முப்பத்தொரு வருடமாகக் கடை மூடியதே இல்லை. "குளிர் முடிஞ்சு ஊரே கோட்டுகளைச் சலவைக்குத் தூக்கிட்டு வர்ற வாரம். நீ போயிட்டு வா, நான் கடையைப் பார்த்துக்கறேன்," என்கிறார் கணவர் தத்சுயா. அவர் கையில் இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிறது. "ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. உங்க சீட்ல இஸ்திரிப்பெட்டியை உக்கார வெக்கவா?" "சரி, 'தவிர்க்க முடியாத காரணத்தால்'னாவது எழுதேன். எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?" "எழுதினா, உங்களுக்கு உடம்புக்கு என்னவோன்னு தெருவே பழக்கூடையோட வந்து நிக்கும்."

கதவு மணி சிணுங்குகிறது. எதிர்வீட்டு ஹிரோகா அம்மாள், கையில் இரண்டு கம்பளிக் கோட்டுகளோடு, ஈரம் காயாத எழுத்தைக் குனிந்து படிக்கிறாள். "தைவானா! அவருமா வர்றாரு?" கினுவே பதிலை அவரிடமே விட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவுகிறாள். கிண்ணத்து நீரில் மை புகையாய்ப் பரவுகிறது. ஆவிச் சத்தம் நின்றுவிட்டது. தத்சுயா முன்னால் வந்து கோட்டுகளை வாங்கிக்கொள்கிறார். "வேற ஏதாவது இருந்தா இந்த வாரமே குடுத்துடுங்க அக்கா. அப்புறம் நாங்க ஊர்ல இருக்கமாட்டோம்."