சாயம் பூசாத கிடார்

"அடுத்தவங்க பொருளுங்க. நான் தொட்டு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான் அவன்.

வாசலில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் கிடந்தது அந்தக் கிடார். கம்பி இல்லை, கழுத்து இல்லை; வெறும் உடம்பு மட்டும். எலக்ட்ரிக் கிடாருக்கு உண்டான இரண்டு கொம்புகளையும் வளைத்து அறுத்து, காந்தம் பதிக்கிற குழிகளையும் குடைந்து வைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாது கண்ணு. எம்பையன் செஞ்சது. கம்பெனிக்கு மெஷின் வந்த மரப்பெட்டிய ஜூஜுவாடி காயலான் கடையில வாங்கியாந்து, அறுத்து, ஒட்டி, எல்லாம் அவனேதான். சாயம் பூசறதுதான் பாக்கி" என்றாள் அந்த வீட்டுக்கார அம்மா.

காலையில் டீ கொடுக்கும்போது தன் பெயர் முனிலட்சுமி என்று அவளே சொல்லியிருந்தாள். ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற வேலையாம். விரலெல்லாம் முள் கிழித்த தழும்பு. இவன் சட்டையில் கறை பட்டுவிடக் கூடாதென்று மகனுடைய பழைய பனியன் ஒன்றைக்கூட எடுத்துக் கொடுத்திருந்தாள். நல்ல மனசு.

"உங்க பையன் எங்கீங்க?"

சாய டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள் முனிலட்சுமி. "மார்கழியில மூளைக்காய்ச்சல் வந்துருச்சு. பெங்களூரு ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தான்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போயிட்டாருங்களா?"

"இல்ல. பொழச்சிக்கிட்டான்." மூடி திறந்துகொண்டது. "இன்னும் வூட்டுக்குத்தான் வரல."

மேற்கொண்டு கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. பெற்றவளை இப்படி விட்டுவிட்டு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறானே என்று அந்த மகன்மேல் கோபம்கூட வந்தது. அதற்குள் அவள் டப்பாவைக் கிடாரின்மேல் சாய்க்கப் போனாள்.

"ஐயோ, நேரா ஊத்தாதீங்க! இந்த மரம் அங்கங்க திட்டுத் திட்டாக் குடிச்சிரும். மொதல்ல மரத்தோட கண்ண அடைக்கிற சீலரத் தின்னர்ல கரைச்சு ஒரு கோட்டு அடிக்கணும்."

முனிலட்சுமி டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "உனக்கெப்பிடித் தெரியும்?"

யோசித்துப் பார்த்தான். "தெரியலீங்க. எங்கியாச்சும் பாத்திருப்பேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாய நெடி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அதன்பிறகு அவனுக்குத் தயக்கம் போய்விட்டது. சீலரை அடித்துக் காயவிட்டான். உப்புத்தாளை எடுத்து, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே இழுத்து இழுத்துத் தேய்த்தான். விரலை வைத்தால் வழுக்கியது. தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவன் நிமிரவே இல்லை.

முனிலட்சுமி இரண்டு டப்பாக்களை அவன் முன்னால் நகர்த்தினாள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

"எத அடிக்கலாம்? நீயே சொல்லு சாமி."

ஒரு கிடாருக்கு நிறம் சொல்ல இவ்வளவு கெஞ்சுவானேன் என்றிருந்தது அவனுக்கு. துணியைச் சிவப்பில் தோய்த்து, நடுவிலிருந்து தடவ ஆரம்பித்தான். உள்ளே ஒளிந்திருந்த ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஓரத்துக்கு வந்ததும் வேறு துணியில் கறுப்பைத் தொட்டு, சிவப்புக்குள் கரைகிற மாதிரி சுற்றிலும் இழுத்தான். நடுவில் கங்கு, விளிம்பில் கரி. கை தன்பாட்டுக்கு ஓடி நின்றது.

"ஏன் அப்பிடி அடிச்ச?" அவள் கிடாரின்மேல் குனிந்தாள்.

"சும்மா தோணுச்சுங்க. நல்லால்லீங்களா?"

"எம்பையன் இப்பிடித்தான் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்." மிகவும் கிட்டத்தில் வந்து அவன் கண்களையே பார்த்தாள். "நல்லா யோசிச்சுப் பாரு. வேற ஏதாச்சும் தோணுதா?"

அவன் மெய்யாகவே யோசித்தான். "ஆமாங்க" என்றான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேல வார்னிஷ் ஒண்ணு அடிச்சா இன்னும் எடுப்பா இருக்கும்."

முனிலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவனுக்குப் பாவமாக இருந்தது. பேச்சை மாற்றினால் தேவலை என்று பட்டது.

"உங்க பையன் பேரு என்னங்க?"

"இளம்பரிதி."

"அட! எம்பேரும் அதாங்க!" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவனுக்குச் சட்டென்று ஒரு பதற்றம் வந்தது. முன்பின் தெரியாத வீட்டில் இவ்வளவு நேரமா உட்கார்ந்திருப்பது? எழுந்து கேட்டருகே போனான். பூட்டியிருந்தது. வெளியே தெரு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்டு கிடந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிடிபடவில்லை.

"கேட்டத் தொறந்து விடுங்க, நான் கெளம்பறேன். நேரமாச்சு. எங்கம்மா தேடும்."

முனிலட்சுமி எழுந்து வந்து, சாயம் காயாத அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"தேடிக்கிட்டுத்தான் சாமி இருக்கேன்."