கானானில் சிக்கியவர்

அமெரிக்காவில், சுகர் லேண்ட் ஊர்ப் பள்ளியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் சேனாபதி. பக்கத்தில் மனைவி வசந்தாமணி, எதிரே டீச்சர். நடுவில் மகள் ரோஷினியின் ப்ராஜெக்ட்: களிமண்ணில் செய்த பழங்கால கானான் தேசம்.

"ரொம்ப அழகு. இதைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் டீச்சர்.

"தாராளமாக," என்றார் சேனாபதி.

"இது என்ன ஆறு?"

"ஜோர்டான். சாக்கடலில் போய் விழும்."

வசந்தாமணி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார். காலேஜில் கோல்டு மெடல் வாங்கிய மனிதர். கேள்வி என்று வந்துவிட்டால் நாக்கு நிற்காது.

"கடலோரத்தில் ஏன் ஊதா நிறம்?"

"அங்கே கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள்."

"போதுமுங்க, வாய மூடுங்க," என்று தமிழில் முணுமுணுத்தாள் வசந்தாமணி.

"அந்த மக்கள் ஏன் அடிக்கடி போரில் அடிபட்டார்கள்?"

"தெற்கே எகிப்து, வடக்கே ஹிட்டைட்டுப் பேரரசு. மேற்கே கடல், கிழக்கே பாலைவனம். படை வந்தால் ஓட வழியே இல்லை."

டீச்சர் நோட்டை மூடினார். "எல்லாமே சரி. காலையில் இதே மூன்று கேள்விகளை ரோஷினியிடம் கேட்டேன். ஒன்றுக்கும் அவளுக்குப் பதில் தெரியவில்லை."

சேனாபதி மனைவியைப் பார்த்தார். அவள் சன்னலைப் பார்த்தாள்.

"கடைசிக் கேள்வி, மிஸ்டர் சேனாபதி. இதைச் செய்தது யார்?"

"தெரியாது," என்றார்.

கேட்ட கேள்விக்கு அவர் அப்படிச் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.