அடித்தல் திருத்தல்

“இந்தக் கிறுக்கலோட எல்லாம் வாங்க முடியாதும்மா,” என்று கவுன்ட்டர்காரர் விண்ணப்பத்தை வெளியே தள்ளினார்.

டீச்சர் அதை மறுபடி உள்ளே தள்ளினாள்.

ஒன்பது பக்க விண்ணப்பம். எட்டுப் பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒன்பதாம் பக்கத்தின் அடியில் மட்டும் சிவப்பு க்ரேயானில் சுழி சுழியாக ஒரு கிறுக்கல். உபயம், அவள் புடவையைப் பிடித்தபடி விசும்பிக்கொண்டிருந்த மூன்றரை வயது மகள். தெருவில் அதற்கு வாலு என்று பெயர்.

டீச்சர் பதினோரு வருஷமாக பேபி கிளாஸ் எடுக்கிறாள். மழலையர் கல்வியில் முதுகலை படித்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அ, ஆ சொல்லிக் கொடுக்க எம்.ஏ. எதுக்கு என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. படித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் படிப்புக்கு முழு உதவித்தொகை தருவது இந்த அறக்கட்டளை ஒன்றுதான். இரண்டு வருஷம் போட்டுக் கிடைக்கவில்லை. வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு. ஒருவருக்கு ஒரே ஃபாரம், அதையும் கையால்தான் நிரப்ப வேண்டும். இன்றைக்குக் கடைசி நாள். கவுன்ட்டர் மூட இன்னும் பத்து நிமிஷம்.

மதியம் வகுப்பறையின் குட்டி மேஜையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம் முடிந்ததும் அடியில் கையெழுத்து, அடுத்த பக்கம். வாலு பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தது. கடைசி வரியை எழுதி முடிக்கவும் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. பேனாவை மூடி, தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த ஓடினாள். பள்ளி விட்டதும் அவற்றை அப்படியே அள்ளி உறையில் போட்டுக்கொண்டு வாலுவோடு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் உறையைப் பிரித்தபோதுதான் சிவப்பைப் பார்த்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“கிறுக்கி வெச்சிருக்கியேடி, பாவி.”

“கிறுக்கல,” என்றது வாலு.

விரலெல்லாம் சிவப்பு. இதில் பொய் வேறு. முதுகில் ஒன்று வைத்தாள். விசும்பல் அப்போது ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

கவுன்ட்டர்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு என்பது கேள்வி. அவள் எழுதியிருந்த பதிலின் முதல் வரியை அவர் வாய்விட்டே படித்தார்.

“மூன்று வயதுப் பிள்ளை கிறுக்குவதில்லை, எழுதுகிறது. நமக்குத்தான் படிக்கத் தெரிவதில்லை.”

படித்துவிட்டு வாலுவின் வீங்கிய கண்களை எட்டிப் பார்த்தார். “நீங்க எழுதினதா டீச்சர்?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்துப் பதினோராம் விதியில் விரலை வைத்தாள்.

“அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல கையெழுத்துப் போடணும்னுதான் சார் இருக்கு. கிறுக்கல் கூடாதுன்னு எங்கயும் இல்ல. இது அடித்தல். நான் பக்கத்துல கையெழுத்துப் போடறேன். வாங்கிக்கிற வரைக்கும் இங்கேர்ந்து நகர மாட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

கவுன்ட்டர்காரர் விதியை இரண்டு தடவை படித்தார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, ஆனால் அந்தக் கையெழுத்து இந்தப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். அடியில்தான் இருக்கிறது, க்ரேயான் மறைத்திருக்கிறது என்றாள் இவள்.

அவர் தாளைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

“இதுக்கு அடியில ஒண்ணுமே இல்லையேம்மா.”

டீச்சர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். விண்ணப்பதாரர் கையொப்பம் என்று போட்ட கட்டம். அதற்குள் சிவப்புச் சுழிகள். பேனா மையின் சுவடுகூட இல்லை.

“காலையிலேர்ந்து நூறு பேர் வந்துட்டாங்க. சுத்தமா இருந்திருந்தா நான் பாக்காமலே பெட்டியில போட்டிருப்பேன்,” என்றார் அவர். “பிரிக்கிறப்போ கையெழுத்து இல்லாததைத் தனியா எடுத்துத் தள்ளிடுவாங்க. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டுத் தன் பேனாவையே நீட்டினார்.

கட்டத்துக்குள் சிவப்பின் மேலேயே ஒரு கையெழுத்துப் போட்டாள். பதினோராம் விதிப்படி பக்கத்தில் இன்னொன்று. முத்திரை விழுந்தது. ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் கவுன்ட்டர் கதவை இழுத்தார்.

பெற்றோர் கூட்டம் தவறாமல் டீச்சர் ஒன்று சொல்வாள். பிள்ளையைத் திட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணேன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதினோரு வருஷமாகச் சொல்கிறாள். இன்றைக்கு அவள் கேட்கவில்லை.

தரையில் மண்டியிட்டு வாலுவின் முகத்தைத் துடைத்தாள்.

“கண்ணு, அந்தத் தாள்ல என்ன பண்ணே?”

வாலு ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டது.

“நீ எல்லாத்துலயும் உன் பேர் போட்டே. இதுல மறந்துட்டே. நான் போட்டு வெச்சேன்.”